நெட் போனது யாருக்கு முதலில் தெரியும்?

போர்ட் பிளேரில் (2024 முதல் அரசுப் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) வீட்டிலோ கடையிலோ இணைய இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வகை ‘நெட் இல்லை’ பழக்கம். கணினிக்குப் பின்னால் செருகியிருக்கும் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். திரையின் மூலையில் இருக்கும் சின்னம் ஓரிரு நொடியில் மாறிவிடும். இது முதல் வகை. இரண்டாவது வகை எரிச்சலூட்டுவது. வை-ஃபை கோடுகள் முழுசாக நிற்கும், ஒயர் சரியாக இருக்கும், ரவுட்டரில் விளக்குகள் மினுங்கும், ஆனால் எந்தப் பக்கமும் திறக்காது. சுற்றிக்கொண்டே இருக்கும்.

முதல் பழுதைக் கண் இமைப்பதற்குள் கண்டுபிடித்த அதே கருவி, இரண்டாவது பழுதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறது. கருவி முட்டாளாகிவிட்டதா? இல்லை. தன் கண்ணால் பார்த்ததை உடனே சொல்கிறது, பார்க்க முடியாததைப் பற்றி வாய் திறப்பதில்லை. இந்த நேர்மை எப்படி வந்தது, அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதைப் புரிந்துகொள்ள, இயங்குதளத்தின் உள்ளே கொஞ்சம் இறங்க வேண்டும்.

பிரவுசரோ வாட்ஸ்அப்போ நேரடியாக ஒயரைத் தொடுவதில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு என எந்த இயங்குதளமாக இருந்தாலும், அதன் நடுவில் கர்னல் என்ற உட்கரு இருக்கிறது. வன்பொருளோடு பேசும் உரிமை அதற்கு மட்டும்தான். வெளியுலகத்துக்குத் திறக்கும் ஒவ்வொரு வாசலையும் கர்னல் ஓர் இடைமுகமாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஒயர் செருகும் போர்ட் ஓர் இடைமுகம், வை-ஃபை சிப் இன்னொன்று, சிம் வழியே போகும் மோடம் மூன்றாவது. எந்த முகவரிக்கான தகவலை எந்த வாசல் வழியே அனுப்புவது என்ற வழி அட்டவணையும் கர்னலிடம்தான் இருக்கிறது.

சரி, ஒயர் பிடுங்கப்பட்டது கர்னலுக்கு எப்படித் தெரிகிறது? ஈதர்நெட் ஒயரில் நாம் எதுவும் அனுப்பாத நேரத்திலும் மின்சமிக்ஞை ஓடிக்கொண்டே இருக்கும். நொடிக்கு ஒரு கோடி பிட் அனுப்பிய பழைய ஈதர்நெட்டில், சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 16 மில்லிசெகண்டுக்கு ஒரு சிறு துடிப்பு எதிர்முனைக்குப் போகும். இன்றைய கிகாபிட் இணைப்பில் ஓய்வுச் சமிக்ஞை இடைவிடாமல் ஓடுகிறது. அது நின்றால், எதிர்முனையில் யாரும் இல்லை என்று போர்ட்டில் உள்ள சிப் முடிவு செய்து கர்னலுக்குத் தெரிவிக்கும். சில சிப்கள் தாமே கர்னலைத் தட்டி எழுப்பும். அந்த வசதி இல்லாதவற்றை லினக்ஸ் கர்னல் நொடிக்கு ஒருமுறை தானே போய் விசாரிக்கும். வை-ஃபை ரவுட்டர் நொடிக்குச் சுமார் பத்து முறை ‘இங்கே இருக்கிறேன்’ என்று ஒரு சிறு செய்தியை ஒலிபரப்பும். ஃபைபரில் ஒளி வருகிறதா இல்லையா என்பதே போதும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். துடிப்பு, ஒலிபரப்பு, ஒளி, இந்த மூன்றுமே அடுத்த முனை வரைதான் பேசுகின்றன. வை-ஃபை கோடுகள் நிறைந்திருந்தால், அடுத்த அறையில் இருக்கும் ரவுட்டர் உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு ‘சிக்னல் ஃபுல்லா இருக்கு, ஆனா நெட் வரலை’ என்று குழம்புகிறோம். நம் வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் எத்தனை கண்ணிகள் இருக்கின்றன என்பதை அந்தச் சின்னம் காட்டுவதே இல்லை.

கர்னலுக்குத் தெரிந்துவிட்டது. இனி மற்ற நிரல்களுக்குத் தெரிய வேண்டும். மூலையில் சின்னம் வரையும் நிரல், மாற்று வழிக்குத் தாவ வேண்டிய நிரல், அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே விபிஎன் பிடித்திருக்கும் நிரல் என்று காத்திருப்பவர்கள் பலர். நெடுங்காலம் இவர்களுக்கு இருந்த வழி, கர்னலிடம் திரும்பத் திரும்பப் போய்க் கேட்பதுதான். ஐந்து நொடிக்கு ஒருமுறை கேட்டால், இடையில் நேர்ந்ததை ஐந்து நொடி தாமதமாக அறியலாம். ஒயர் ஒரு நொடி விலகித் திரும்ப ஒட்டிக்கொண்டால் அப்படி ஒன்று நடந்ததே தெரியாமல் போகலாம். அடிக்கடி கேட்டால் மின்சாரமும் நேரமும் வீண். இன்றும் பல நிரலர்கள் இந்த வழியையே எழுதுகிறார்கள். எழுதச் சுலபம் என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கப்பலுக்குக் காத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கப்பலைக் கரையில் கட்டிவிட்டார்களா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்க் கவுன்டரில் கேட்கலாம். அல்லது, மாற்றம் ஏதாவது இருந்தால் மைக்கில் சொல்வார்கள் என்று பெஞ்சில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்ளலாம். மைக்கில் ஒருமுறை சொன்னால் காத்திருக்கும் நூறு பேருக்கும் கேட்கும், கவுன்டரில் நெரிசலும் இராது. கர்னலுக்கு அப்படி ஒரு மைக்கைக் கொடுத்ததுதான் ரவுட்டிங் சாக்கெட்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யுனிக்ஸ் வகைக்கு பிஎஸ்டி என்று பெயர். அதன் 4.3 ரெனோ பதிப்பு 1990-இல் வந்தது. ரவுட்டிங் சாக்கெட் முதலில் தோன்றியது அதில்தான். சாக்கெட் என்பது நிரல்கள் தகவல் போக்குவரத்துக்குத் திறந்துகொள்ளும் வாய். வழக்கமான சாக்கெட்டின் மறுமுனையில் தொலைவில் இருக்கும் இன்னொரு கணினி இருக்கும். இந்தச் சாக்கெட்டின் மறுமுனையில் இருப்பது நம் கணினியின் கர்னலே. திறந்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தால் போதும். இடைமுகம் ஒன்று விழுந்தாலும் எழுந்தாலும், முகவரி சேர்ந்தாலும் நீங்கினாலும், வழி அட்டவணையில் ஒரு வரி மாறினாலும், கர்னல் ஒரு செய்தி எழுதி, கேட்டுக்கொண்டிருக்கும் எல்லா நிரல்களுக்கும் ஒரு பிரதி போடும். அட்டவணையை மாற்றவும் இதே சாக்கெட்டில் எழுதலாம். அதற்கு நிர்வாகி உரிமை வேண்டும்.

லினக்ஸ் இதே எண்ணத்தை வேறு வடிவில் எடுத்துக்கொண்டது. 1999-இல் வெளியான 2.2 கர்னலோடு வந்த அதன் பெயர் ரவுட்டிங் நெட்லிங்க். பிஎஸ்டியின் மைக்கில் சொல்வதெல்லாம் எல்லோர் காதிலும் விழும். லினக்ஸில் இடைமுகச் செய்தி, முகவரிச் செய்தி, வழிச் செய்தி என்று தனித்தனிக் குழுக்கள் உண்டு, வேண்டியதற்கு மட்டும் பெயர் கொடுத்துக் கேட்கலாம். உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கர்னல்தான். அதில் நெட்டிடி என்ற பின்னணி நிரல் இந்த நெட்லிங்க் செய்திகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மேக் கணினி பிஎஸ்டி வழி வந்தது. அதில் ‘ரவுட் மானிட்டர்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் கர்னல் மைக்கில் பேசுவதை நாமும் கேட்கலாம்.

லினக்ஸில் அந்தக் கட்டளை ‘ஐபி மானிட்டர்’. அதை ஓடவிட்டு, கணினிக்குப் பின்னால் இருக்கும் ஒயரைப் பிடுங்கினால் இப்படி ஒரு வரி வரும், எழுத்துகளைத் தமிழில் தருகிறேன்:

2: ஈத்0: <நோ-கேரியர், பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட், அப்> … ஸ்டேட் டவுன்

இந்த ஒரு வரியை நிதானமாகப் படிக்க வேண்டும். கோண அடைப்புக்குள் ‘அப்’ என்று இருக்கிறது, வரியின் கடைசியில் ‘டவுன்’ என்று இருக்கிறது. கர்னல் முரண்பட்டுப் பேசவில்லை. ‘அப்’ என்பது நம் விருப்பம். இந்த வாசலைத் திறந்துவை என்று நிர்வாகி சொல்லியிருக்கிறார், அந்த ஆணை இன்னும் ரத்தாகவில்லை. ‘நோ-கேரியர்’ என்பது நிலவரம். வாசல் திறந்துதான் இருக்கிறது, ஆனால் எதிரே யாருமில்லை. ஒயரைத் திரும்பச் செருகினால் ‘நோ-கேரியர்’ மறைந்து ‘லோயர்-அப்’ என்ற கொடி வரும். விருப்பத்தையும் நிலவரத்தையும் இரண்டு தனிக் கொடிகளாக வைத்தது இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம். விருப்பக் கொடியை மட்டும் பார்த்துவிட்டு ‘இணைப்பு சரி’ என்று அறிவிக்கும் நிரல்கள் உண்டு. அவற்றை நம்பி, ஒயர் கழன்று கிடப்பதைக் கவனிக்காமல் ரவுட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

தீவுகளில் இந்த ‘நோ-கேரியர்’ வரி அடிக்கடி வர இன்னொரு காரணம் மின்வெட்டு. கணினி யுபிஎஸ்ஸில் ஓடும், பல கணினிகளின் ஒயர்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் யுபிஎஸ்ஸில் இருக்காது. மின்சாரம் போனதும் ஸ்விட்ச் செத்துவிடும், அதோடு இணைந்த எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் இந்த வரியை எழுதும். நேரத்தைப் பார்த்தே, போனது ஒயரா மின்சாரமா என்று சொல்லிவிடலாம். ஒரு கணினி மட்டும் எழுதினால் ஒயர், எல்லாம் ஒன்றாக எழுதினால் ஸ்விட்ச். உப்புக்காற்றில் முனை அரித்துத் தொடர்பு விட்டுவிட்டு வரும் ஒயரானால், விழுந்தது, எழுந்தது, விழுந்தது என்று ஒரே நிமிடத்தில் வரி வரியாகக் கொட்டும். அந்த நேரத்தில் ஒவ்வொரு செய்திக்கும் துள்ளிக் குதித்து வழியை மாற்றும் நிரல், பழுதைவிடப் பெரிய தொல்லை. நல்ல நிரல் சற்றுப் பொறுத்து, நிலை நின்ற பிறகே செயல்படும்.

இனி இரண்டாம் வகை ‘நெட் இல்லை’க்கு வருவோம். அதற்குக் கடலுக்குள் போக வேண்டும்.

2020 ஆகஸ்ட் 10-க்கு முன்பு அந்தமான் நிக்கோபாரின் இணையம் பெரும்பாலும் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. அன்றுதான் சென்னை–அந்தமான் கடலடி ஃபைபர் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கான அடிக்கல் 2018 டிசம்பர் 30-இல் போர்ட் பிளேரில் நாட்டப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம், சுமார் 1,224 கோடி ரூபாய் செலவு. பிஎஸ்என்எல் நிறைவேற்றிய திட்டம் இது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து ஸ்வராஜ் தீப் எனப் பெயர் மாறிய ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களுக்கும் அது போகிறது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே தொடக்கத்தில் இரண்டு 200 கிகாபிட் தடங்கள், மற்றத் தீவுகளுக்கு இரண்டு 100 கிகாபிட் தடங்கள்.

இந்தக் கேபிள் நடுக்கடலில் ஓரிடத்தில் அறுபட்டது என்று கொள்வோம். உலகம் முழுக்கக் கடலடிக் கேபிள்களைப் பெரும்பாலும் அறுப்பவை மீன்பிடி வலைகளும் நங்கூரங்களும். நிலநடுக்கமும் கடலடி மண்சரிவும் அதற்கடுத்து. கரையில் உள்ள நிலையத்தில் ஒளி வருவது சில மில்லிசெகண்டுக்குள் நின்றுவிடும். அங்குள்ள கருவிக்கு இது முதல் வகைப் பழுது, தன் கண்ணெதிரே நடந்தது. உடனே தெரிந்துவிடும். எங்கே அறுந்தது என்பதையும் கரையிலிருந்தே கணக்கிடுகிறார்கள். ஓர் ஒளித்துடிப்பை உள்ளே அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளப்பார்கள். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. எதிரொலி 4 மில்லிசெகண்டில் வந்தால், போக 2, வர 2, ஆகப் பழுது 400 கிலோமீட்டர் தொலைவில்.

ஆனால் போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் ஒரு கடைக்குள் இருக்கும் ரவுட்டருக்கு என்ன தெரியும்? அதற்கும் தெருமுனைப் பெட்டிக்கும் நடுவே உள்ள ஃபைபரில் ஒளி வந்துகொண்டேதான் இருக்கிறது. கடைக் கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவே துடிப்பு ஓடுகிறது. எந்த இடைமுகமும் விழவில்லை, எனவே எந்தக் கர்னலும் மைக்கில் எதுவும் சொல்லவில்லை. ஜெட்டியில் இருப்பவர் கப்பல் கட்டியதையும் அவிழ்த்ததையும் சொல்லலாம். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோனால் அவருக்கு எப்படித் தெரியும்?

பெரிய வலையமைப்புகளின் ரவுட்டர்கள் இதை வேறு விதமாகத் தீர்த்துக்கொள்கின்றன. அவை அக்கம்பக்கத்து ரவுட்டர்களோடு இடைவிடாமல் நலம் விசாரித்துக்கொள்ளும். ஓஎஸ்பிஎஃப் என்ற நெறிமுறையில் வழக்கமாக 10 நொடிக்கு ஒரு ‘ஹலோ’. 40 நொடி பதில் இல்லாவிட்டால் அந்த அண்டை ரவுட்டர் இறந்ததாகக் கருதி வழியை மாற்றும். நிறுவனங்களுக்கிடையே ஓடும் பிஜிபி இன்னும் பொறுமைசாலி. வழக்கமான அமைப்பில் ஒன்றரை நிமிடம் முதல் மூன்று நிமிடம் வரை காத்திருக்கும். இவ்வளவு நேரம் தாங்காது என்று 2010-இல் பிஎஃப்டி என்ற விரைவுச் சோதனையை இணையப் பொறியாளர்கள் தரப்படுத்தினார்கள். 50 மில்லிசெகண்டுக்கு ஒரு செய்தி என்று வைத்து, தொடர்ந்து மூன்று தவறினால் 150 மில்லிசெகண்டில் முடிவு தெரிந்துவிடும்.

ஆக இரண்டு வகை அறிவு இருக்கிறது. ஒன்று, கர்னல் தானே கண்டது. அது வேகமானது, செலவில்லாதது, ஆனால் ஒரு கண்ணிக்கு அப்பால் போகாது. மற்றது, கேட்டும் காத்திருந்தும் ஊகித்தது. அது எவ்வளவு தொலைவுக்கும் போகும், ஆனால் பொறுமை வேண்டும், சில நேரம் தப்பாகவும் இருக்கும். நெரிசலில் மூன்று செய்தி தவறினாலும் கேபிள் அறுந்ததாக எண்ணிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்து முடிவெடுப்பதுதான் ரவுட்டிங் நிரலின் வேலை. எஃப்ஆர்ஆர், பேர்ட் போன்ற திறமூல ரவுட்டிங் நிரல்கள் ஒரு காதை நெட்லிங்க்கிலும் இன்னொரு காதை ஹலோக்களிலும் வைத்திருக்கின்றன. கர்னல் ‘விழுந்தது’ என்று சொன்னால் 40 நொடி காத்திருக்காமல் அந்தக் கணமே வழியை நீக்கிவிடும். ஜூனிப்பர் நிறுவன ரவுட்டர்களின் ஜூனோஸ் இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து வளர்ந்தது. அதனுள் ரவுட்டிங் சாக்கெட்டின் வழித்தோன்றல் இன்றும் ஓடுகிறது, அதில் போகும் செய்திகளைக் காட்டத் தனிக் கருவியே உண்டு.

நம் போனும் ஊகிக்கப் பழகியிருக்கிறது. வை-ஃபையில் சேர்ந்ததும் ஆண்ட்ராய்டு போன் கூகுளின் ஒரு முகவரிக்குப் போய் வெற்றுப் பதில் ஒன்றை எதிர்பார்க்கும். விண்டோஸ், மைக்ரோசாஃப்ட்டின் ஒரு சிறு கோப்பை இறக்கிப் பார்க்கும். எதிர்பார்த்தது வராவிட்டால் சின்னத்தின் மேல் ஆச்சரியக்குறி விழும், அல்லது ‘இணைப்பு உண்டு, இணையம் இல்லை’ என்று எழுத்து வரும். கோடுகளை வரைந்தது கர்னலின் சாட்சி. ஆச்சரியக்குறியைப் போட்டது இந்தச் சோதனை. இரண்டும் ஒரே சின்னத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை.

கேட்டுக்கொண்டிருக்கும் நிரல்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. கர்னல் ஒவ்வொரு கேட்பவருக்கும் ஓர் அளவான இடையகத்தில் செய்திகளைச் சேர்த்துவைக்கும். நிரல் வேறு வேலையில் மூழ்கி எடுக்காமல் விட்டால் இடையகம் நிரம்பி, புதிய செய்திகள் கைவிடப்படும். லினக்ஸ் இதை ஒளிக்காமல், ‘இடமில்லை, சில செய்திகள் தொலைந்தன’ என்ற பிழையைத் திருப்பித் தரும். டீ குடிக்கப் போன நேரத்தில் மைக்கில் என்ன சொன்னார்கள் என்று தெரியாதவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கவுன்டருக்குப் போய் முழு நிலவரத்தையும் கேட்பது. நிரலும் அப்படியே எல்லா இடைமுகங்களின் பட்டியலையும் புதிதாக வாங்கி, தன் நினைவில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். இந்தப் பிழையைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிட்டு எழுதிய நிரல், பல மாதம் சரியாக ஓடி, ஒயர் விட்டுவிட்டுத் தொடும் ஒரு நாளில் செத்த வாசலை உயிருள்ளதாக நம்பிக்கொண்டு நின்றுவிடும். நிரல் தொடங்கும்போதும் வரிசை முக்கியம். முதலில் சாக்கெட்டைத் திறந்து கேட்கத் தொடங்க வேண்டும், பிறகுதான் பட்டியலை வாங்க வேண்டும். மாற்றிச் செய்தால் இரண்டுக்கும் நடுவே நடந்தது யாருக்கும் தெரியாமல் போகும்.

மாற்று இணைப்பு வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். தீவில் இதை யோசித்துச் செய்ய வேண்டும். ஒரு நிறுவனத்தின் ஃபைபரும் இன்னொரு நிறுவனத்தின் 4ஜி சிம்மும் வாங்கிவைத்து, ஒன்று விழுந்தால் மற்றதற்குத் தாவும் நிரலையும் போட்டுவிட்டால் நிம்மதி என்று எண்ணுவோம். தெருவில் ஒயர் அறுந்தால் அது உதவும். ஆனால் இரண்டு நிறுவனங்களும் சென்னைக்குப் போக ஒரே கடலடிக் கேபிளில் இடம் வாங்கியிருந்தால், கடலில் ஏற்படும் பழுதுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினியில் இரண்டு இடைமுகங்கள் இருப்பதால் வெளியே இரண்டு வழிகள் இருக்கின்றன என்று ஆகிவிடாது. இதை எந்தக் கர்னலும் சொல்லாது. மருத்துவமனைக்கோ வங்கிக்கோ இணைப்பு அமைப்பவர் நிறுவனத்திடம் வாய்விட்டுக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

ஓர் எளிய அளவுகோல் மட்டும் நம் கையிலேயே இருக்கிறது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர். கண்ணாடியிழையில் ஒளி போய்வரக் குறைந்தது 14 மில்லிசெகண்ட் ஆகும். கேபிள் வளைந்து போவதாலும் நடுவே ரவுட்டர்கள் இருப்பதாலும் இன்னும் கொஞ்சம் கூடும். புவிநிலைச் செயற்கைக்கோள் பூமிக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தகவல் ஒருமுறை மேலேறி இறங்கவே கால் நொடி ஆகும், பதிலும் அதே வழியில் வந்தால் அரை நொடி. இந்தக் கால அளவை எந்த நிறுவனமும் குறைக்க முடியாது, ஒளியின் வேகம் இடம் கொடுக்காது. எனவே போர்ட் பிளேரிலிருந்து சென்னையில் உள்ள ஒரு சர்வருக்கு பிங் கட்டளை கொடுத்துப் பார்க்கலாம். விடை சில பத்து மில்லிசெகண்டில் வந்தால் தகவல் கடலடியில் போகிறது. கோடுகளும் முகவரியும் வழி அட்டவணையும் அப்படியே இருக்க, விடை திடீரென 500 மில்லிசெகண்டுக்கு மேல் தாவி அங்கேயே நிலைத்துவிட்டால், நம் நிறுவனம் போக்குவரத்தைச் செயற்கைக்கோளுக்குத் திருப்பியிருக்க வாய்ப்பு மிக அதிகம். ரவுட்டிங் சாக்கெட்டில் ஒரு செய்திகூட வந்திருக்காது.